தொட்டில் ஆடாத சந்து

என் தங்கையின் மருமகள் சுகாதார இலாகாவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். போன மாதம் என்னைப் பார்க்க வந்தவள், பரிசோதனைச் சாலையும் எக்ஸ்ரேயும் எட்டாத அந்தக் காலத்தில் ஒரு தெருவுக்கு என்ன நோய் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். நடந்து கண்டுபிடித்தோம் என்றேன். அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் கிளம்பிப் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதோடு பேச்சியக்காவின் முகமும் வந்து நின்றது. இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததை எழுதியாவது வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே ஒரு மிஷன் பள்ளி வாத்தியாரின் மகள். பிரசவ நர்ஸ் படிப்பு முடித்து, அதற்கு மேல் ஹெல்த் விசிட்டர் பயிற்சியும் பெற்று, திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தேன். யுத்தத்துக்கு முந்தைய காலம். நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்திருந்தது. எல்லாச் சந்துகளுக்கும் வந்திருக்கவில்லை. படித்ததை எல்லாம் பரீட்சைத் தாளில் எழுதிவிட்ட திருப்தியோடு வந்த எனக்கு, வேலை என்றால் என்ன என்று காட்டியவர் டாக்டர் அன்னம்மா. நாங்கள் டாக்டரம்மா என்போம். கோட்டயம் பக்கத்துக்காரர். மெலிந்த உடம்பு, வெள்ளைப் புடவை, வெயிலானாலும் மழையானாலும் கையில் ஒரு கறுப்புக் குடை. தமிழ்க் குடும்பங்களோடு பேசிப் பேசி, பாதி மலையாளமும் பாதி தமிழுமாக அவருக்கென்று ஒரு பாஷை அமைந்திருந்தது.

ஒரு புதுத் தெருவுக்கு முதல் தடவை போகும்போது கையில் எதுவும் எடுத்துப் போகக் கூடாது என்பது அவர் கட்டளை. மருந்துப் பை வேண்டாம், காகிதம் வேண்டாம். மூக்கை மூடக் கூடாது. யார் வீட்டிலும் உட்காரக் கூடாது. ஆனால் கும்பிட்டவர்களுக்கெல்லாம் கும்பிடு போட வேண்டும். தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நடந்து, அதே வழியில் திரும்பி வர வேண்டும். போகும்போது தரையைப் பார்க்கச் சொல்வார். தண்ணீர் எங்கே தேங்குகிறது, பிள்ளைகளின் கால் எப்படி இருக்கிறது, ஈ எதில் மொய்க்கிறது. திரும்பும்போது தலைக்கு மேலே பார்க்கச் சொல்வார். கூரை, புகை, கொடியில் காயும் துணி, ஜன்னல். காலையில் ஒருநாள் நடந்தால், அடுத்த தடவை மத்தியானம். ஒரே நேரத்தில் பார்த்தால் ஒரே தெருதான் தெரியும் என்பார்.

நடந்து முடிந்து டிஸ்பென்சரி வராந்தாவுக்கு வந்த பிறகு குடையை மடக்கிச் சாய்த்துவிட்டு, என்ன கண்டாய் என்று கேட்பார். முதல் தடவை நான், தெரு ரொம்ப அசுத்தம் அம்மா என்றேன்.

"அது உன் அபிப்ராயம், கிரேசே. கண்டது என்னன்னு பறயு."

காலும் கண்ணும் சேர்ந்து வேலை செய்ய எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. கரமனை ஆற்றங்கரையில் ஒரு மண்சுவருக்கு முன்னால் அவர் நின்றுவிட்டது நினைவிருக்கிறது. சுவரில் இடுப்புக்குக் கீழே மட்டும் விரலால் சுரண்டிய குழிகள். எலி பறித்திருக்கும் என்று நினைத்தேன். அவர் அந்த வீட்டுக் குழந்தைகளைக் கூப்பிட்டுக் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். காகிதம் போல வெளுத்திருந்தது. வயிற்றில் கொக்கிப் புழு. ரத்தம் குறைந்து குறைந்து, மண்ணைத் தின்னும் ஆசை வந்துவிட்ட பிள்ளைகள். சுவர் சொன்னதை எந்தத் தாயும் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை. பிள்ளை மண் தின்கிறது என்று யாராவது வெளியில் சொல்வார்களா?

மூட்டைக்காரர் சந்துக்கு நாங்கள் போனது அதற்கடுத்த வருஷம். சாலைக் கடைத்தெருவின் தானிய மண்டிகளுக்குப் பின்னால் நீண்டு கிடக்கும் சந்து அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒரு தலைமுறைக்கு முன் வந்த குடும்பங்கள். ஆண்கள் மண்டிகளில் மூட்டை தூக்கினார்கள், வண்டி ஓட்டினார்கள். சந்தின் பின்புறம் முழுக்க வண்டிமாடுகள் கட்டும் கொட்டில். அன்று காலை நடந்து முடித்து வந்ததும் டாக்டரம்மா கேட்டார். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை, சாக்கடை கிணற்றை ஒட்டிப் போகிறது, மூன்று பெண்கள் பிள்ளைத்தாய்ச்சி, விளையாடும் பிள்ளைகள் நல்ல உடம்போடுதான் இருக்கிறார்கள் என்று நான் அடுக்கினேன்.

"தொட்டில் கண்டாயா?"

யோசித்துப் பார்த்தேன். கதவுகள் எல்லாம் திறந்துதான் கிடந்தன. உத்தரத்தில் துணித் தொட்டில் ஆடியதாக ஒரே ஒரு வீடுதான் நினைவுக்கு வந்தது. கொடிகளில் வேட்டி, சேலை, மூட்டைக்காரர்களின் தலைத்துணி. கைக்குழந்தையின் கந்தைத்துணி இல்லை. ஓடியாடும் பிள்ளைகள் உண்டு, வயிற்றோடு நிற்கும் பெண்கள் உண்டு. இடையில் இருக்க வேண்டியவர்கள் இல்லை.

மத்தியானம் மறுபடி போனோம். இரண்டு வீடுகளில் ஜன்னலைச் சாக்கால் இறுக்கி மூடியிருந்தார்கள். அவ்வளவு புழுக்கத்தில் ஏன் என்று ஒரு பெண்ணிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தபடி கேட்டேன். உள்ளே பச்சைப்பிள்ளை இருக்கிறது, பட்சி நிழல் விழக் கூடாது என்றாள். அதற்கு முன் பெற்ற பிள்ளை எட்டாம் நாள் பால் குடிக்காமல் வாய் கிட்டித்து, உடம்பு வில்லாக வளைந்து போய்விட்டதாம். பட்சி தோஷம் என்றார்கள். சந்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் அப்படி ஒன்று போயிருந்தது. டாக்டரம்மா அந்தச் சாக்கைப் பார்த்தார். பின்னாலிருந்த மாட்டுக் கொட்டிலைப் பார்த்தார். அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்தது. வெட்டிய தொப்புள்கொடி வழியாக ஏறும் ஜன்னி அது.

சந்துக்குப் பிள்ளை எடுப்பவள் பேச்சியக்கா. ஐம்பதை நெருங்கியவள், விதவை, கனத்த உடம்பு, சந்தின் மறுமுனை வரை கேட்கும் சிரிப்பு. எந்த வீட்டில் வலி கண்டாலும் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவாள். கொடுத்ததை வாங்கிக்கொள்வாள்; கொடுக்காத வீட்டுக்கும் மறுபடி போவாள். மாறிக் கிடந்த பிள்ளையை வயிற்றின் மேலேயே தடவித் திருப்பி, தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்த கதைகளைப் பெண்கள் சொன்னார்கள். அந்தக் கதைகள் பொய்யில்லை.

அவளை ஆபீசுக்கு வரச் சொல்லலாம் என்றேன். டாக்டரம்மா வேண்டாம் என்றார். நாமே போவோம், தெரியாததைக் கேட்டுக்கொள்ளப் போகிறவர்களைப் போலப் போவோம் என்றார். ஒரு பிற்பகல் போனோம். தரையில் பாய் விரித்து உட்கார வைத்து, வெற்றிலைத் தட்டை நகர்த்திவிட்டு, தன் வேலையை ஒவ்வொன்றாகச் சொன்னாள் பேச்சியக்கா. வலி கண்டவளை எப்படி நடக்க வைப்பாள், முதுகை எப்படித் தேய்ப்பாள், நஞ்சுக்கொடி விழுந்த பிறகு வயிற்றை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிப்பாள் என்பதெல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் ஒரு சிரட்டையைக் கொண்டு வந்து காட்டினாள். அதில் சாம்பல். கொட்டிலில் கிடக்கும் சாணியைத் தட்டி, எரித்து, துணியில் சலித்து வைத்தது. கொடி அறுத்த இடத்தில் எண்ணெயில் குழைத்து அப்பினால் சீக்கிரம் காயும் என்றாள். அதைத் தன் தாயிடம் கற்றாளாம்.

சாம்பல் வைக்காமல் விட்ட பிள்ளைகள் யாராவது உண்டா என்று டாக்டரம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்.

பேச்சியக்கா விரலை மடக்கினாள். பூக்கட்டும் செண்பகம் கடைத்தெருவிலேயே பெற்றுவிட்டாள், கையில் சாம்பல் இல்லை. கடைசி வீட்டு இசக்கியம்மாளின் மூத்தவன், இவள் போய்ச் சேருவதற்குள் பிறந்துவிட்டான். அவளே நூலால் கட்டி அறுத்திருந்தாள். இன்னொன்று கொல்லம் ரயிலில். மூன்று பிள்ளைகளும் சந்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொண்டே வந்தவளின் விரல் நின்றுவிட்டது. வெளியே மண்டிக்கு வண்டி போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்போ பட்சி இல்லையா, டாக்டரம்மா?"

"இல்லை."

"என் கையா?"

"கை இல்லை, பேச்சி. சாம்பல். அதில் கண்ணுக்குத் தெரியாத விஷம் உண்டு. நீ அறியாமல் செய்தது."

"அறியாம வச்சாலும் பிள்ளைக்கு ஒண்ணுதானம்மா."

அதன் பிறகு வெகுநேரம் அவள் சிரட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா அவள் முழங்காலில் கை வைத்தார். கத்தரியும் நூலும் தருகிறோம், கொதிக்க வைக்கக் கற்றுத் தருகிறோம், சந்துக்கு நீதான் வேண்டும் என்று மெல்லச் சொன்னார். அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. நாங்கள் எழுந்தபோது என் முந்தானையைப் பிடித்தாள்.

"எம் மக வேலம்மா செங்கோட்டையில இருந்து இங்க வந்துதான் பெத்தா. ரெண்டு. ரெண்டையும் நாந்தான் எடுத்தேன். அவகிட்ட மட்டும் யாரும் சொல்லிராதீங்க."

சொல்ல மாட்டோம் என்று டாக்டரம்மா வாக்குக் கொடுத்தார். நானும் கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து பேச்சியக்கா எந்தப் பிரசவத்துக்கும் போகவில்லை. அவளுக்கென்று வைத்த பிரசவப் பெட்டியும் கத்தரியும் எடுத்துக்கொண்டு போய் நான் கூப்பிட்ட போதெல்லாம், முடியல நர்ஸம்மா என்று மட்டும் சொல்லுவாள். சந்தில் யாருக்கும் காரணம் தெரியாது. உடம்புக்கு என்னவோ என்று நினைத்தார்கள். அடுத்தடுத்து வந்த பிரசவங்களை நான் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் தங்கின. ஒரு தாய் சாக்கைக் கழற்றிய பிறகு பக்கத்து வீட்டுக்காரியும் கழற்றினாள். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். பேச்சியக்கா தன் வீட்டுக் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. கிள்ளியாற்றில் வெள்ளம் ஏறி, தாழ்வான தெருக்களில் வாந்திபேதி கண்டது. நாங்கள் எல்லோரும் அங்கே தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு காலையில் கடைசி வீட்டு இசக்கியம்மாளுக்கு இரண்டாவது பிரசவ வலி கண்டது. நாள் கணக்குக்கு முன்னாலேயே வந்த வலி. என்னைத் தேடிப் புறப்பட்ட ஆள் வெள்ளத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. அவள் புருஷன் சுடலைமுத்து பேச்சியக்காவின் கதவைத் தட்டிக் காலில் விழுந்தான்.

பேச்சியக்கா வந்தாள். ஆனால் உள்ளே போகவில்லை. வாசல் நடையில், கூரைத் தண்ணீர் தலையில் கொட்ட, இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள். உள்ளே இருந்த இசக்கியம்மாளின் தங்கைக்கு அங்கிருந்தே ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதுகைத் தேய், மூச்சை அடக்கச் சொல், தலை தெரிகிறதா பார். பிள்ளை பிறந்தது. எதையும் வைக்காதே, கட்டி மட்டும் விடு என்று கத்தினாளாம். நஞ்சு முழுதாக விழவில்லை. ரத்தம் நிற்கவில்லை. அந்தத் தங்கை கல்யாணமாகாத பெண். பயத்தில் அவள் கை வயிற்றில் பதியவே இல்லை. உள்ளே வா அக்கா என்று அவள் அழுதிருக்கிறாள். நான் தொட மாட்டேன், நான் தொட்டால் செத்துப்போகும் என்றே பேச்சியக்கா சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறாள். கடைசியில் தாங்க முடியாமல் உள்ளே ஓடி வயிற்றைப் பிடித்தபோது இசக்கியம்மாளுக்கு நினைவு தப்பியிருந்தது.

முட்டளவு தண்ணீரில் நடந்து நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பேச்சியக்கா இன்னும் அந்த வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நான்தான் அந்தக் கைகளை எடுத்துவிட்டேன். பிறந்த பெண் குழந்தை பக்கத்தில் கந்தையில் கிடந்து அழுதுகொண்டிருந்தது.

பிற்பகல் டாக்டரம்மா வந்தார். தெரு வேலையில் அவர் யார் வீட்டு வாசலிலும் அப்படித் தளர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்று அந்த ஈர நடையில் உட்கார்ந்தார். சுடலைமுத்து யாரையும் குற்றம் சொல்லவில்லை. பேச்சியக்கா வந்தாளே, நின்றாளே என்றுதான் சொன்னான். அதைக் கேட்க எங்களால்தான் முடியவில்லை. டாக்டரம்மா டிஸ்பென்சரிக்குத் திரும்பி வந்து குடையை மூலையில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"நான் அவளிடம் வேறே எப்படிப் பறஞ்சிருக்கணும், கிரேசே?"

சொல்லாமல் இருந்திருந்தால் பிள்ளைகள் தொடர்ந்து செத்திருக்கும். அதைவிட மெதுவாக யாராலும் சொல்லியிருக்கவும் முடியாது.

பதினாறாம் நாள் காரியம் கழிந்த பிறகு பேச்சியக்கா தானாக டிஸ்பென்சரிக்கு வந்தாள். குளித்து, வெளுத்த சேலை உடுத்தி, பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளை போல வராந்தா ஓரத்தில் நின்றாள். அந்தக் கத்தரியை எவ்வளவு நேரம் கொதிக்க வைக்க வேண்டும் என்று கேட்டாள். நான் சொல்லிக் கொடுத்தேன். நகம் வெட்டுவது, முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்ப்பது, நூலைக் கத்தரியோடு சேர்த்துக் கொதிக்க வைப்பது, கொடியில் வெறும் சுத்தமான துணியைத் தவிர எதையும் வைக்காமல் இருப்பது. ஒரு தடவை சொன்னால் போதும். அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அந்தச் சந்துக்கும் சுற்றிலும் உள்ள தெருக்களுக்கும் அவள்தான் பிள்ளை எடுத்தாள். கையைத் தேய்க்க ஆரம்பித்தால் தோல் சிவந்து வெடிக்கும் வரை தேய்ப்பாள். போதும் அக்கா என்று நான் தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்கும். எடுத்த பிள்ளையை எட்டு நாளும் காலையும் மாலையும் போய்ப் பார்ப்பாள். ஒன்பதாம் நாள்தான் அவள் முகம் கொஞ்சம் இளகும். அந்தப் பழைய சிரிப்பை மட்டும் பிறகு யாரும் கேட்கவில்லை.

வேலம்மா மூன்றாவது முறை உண்டானபோது, பிரசவத்துக்கு இங்கே வர வேண்டாம், அங்கேயே ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொள் என்று பேச்சியக்கா சொல்லி அனுப்பினாள். பெற்ற மகளைத் தாய் வீட்டுக்கு வராதே என்று சொல்கிறாளே என்று சந்தே பேசியது. மருமகன் வீட்டாரும் பேசினார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். ஆண் பிள்ளை பிறந்து தங்கியது. அவன் நடக்கத் தொடங்கிய பிறகுதான் வேலம்மா அவனை இங்கே கூட்டி வந்தாள். பேச்சியக்கா அந்தப் பேரனைத் தூக்கியதை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சோறு ஊட்டுவாள், அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்து சில வருஷங்களில் பேச்சியக்கா இறந்தாள். டாக்டரம்மா அதற்கு முன்பே ஓய்வு பெற்று ஊருக்குப் போயிருந்தார். நான் நெய்யாற்றின்கரைக்கு மாற்றலாகியிருந்தேன். சொல்லி அனுப்பினார்கள், பஸ் பிடித்து வந்தேன். சந்து நிறைய ஆட்கள். அவள் கையில் பிறந்த பையன்கள் பாடையைத் தூக்கிப் போனார்கள். ஆண்கள் எல்லோரும் சுடுகாட்டுக்குப் போன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். வேலம்மா என்னைப் பின்பக்கத்துக்குக் கூட்டிப் போனாள். அழுது ஓய்ந்திருந்தாள். தன் தாயின் பிரசவப் பெட்டியை என்னிடம் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். அவள் போகாமல் நின்றாள்.

செங்கோட்டையில் மூன்றாவது பிள்ளை பெற்றபோது அங்குள்ள நர்ஸ் எல்லாவற்றையும் விசாரித்தாளாம். முதல் இரண்டும் எப்படிப் போயின, கொடியில் என்ன வைத்தார்கள் என்று கேட்டுவிட்டு, காரணத்தை அப்போதே சொல்லிவிட்டாளாம். வேலம்மா அதைப் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

"அம்மைட்ட நான் மூச்சு விடல நர்ஸம்மா. தெரிஞ்சா அவ உயிரோட இருப்பாளா? சர்க்கார்ல பெட்டி குடுத்தாவ, இவளும் தூக்கிட்டு நடந்தா. எதுக்குன்னு நீங்க அவட்ட சொல்லலைல்லா?"

நான் பெட்டியை மறு கைக்கு மாற்றிப் பிடிப்பதைப் பார்த்து அவள் இன்னும் கிட்டே வந்தாள்.

"கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாதுதான?"

தெரியாது என்றேன்.